கோல் காக்கும் பிள்ளைக்கு

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
04.09.1986, வியாழக்கிழமை.

அன்புள்ள மீனலோசனிக்கு,

நயினை அம்மாள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாய். ஆனபடியால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. தபாற்காரர் படலையில் மணி அடித்ததுமே அப்பா கதிரையில் இருந்தபடி இடது கையை நீட்டிவிட்டார். நான் கத்தரிக்கோல் எடுத்து வருவதற்குள் உறையைப் பல்லால் கிழித்தார். இந்தியாவிலிருந்து பெண்கள் ஹொக்கி அணி கொழும்புக்கு வருகிறது, பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்றாம் திகதிகளில் மூன்று ஆட்டம், அதில் மூன்றாவது ஆட்டத்தில் இலங்கை அணியின் கோலுக்குள் நிற்கப் போவது நீதான் என்று நான் வாசித்ததும் மனிசன் திரும்ப வாசி என்றார். மூன்று தரம் வாசித்தேன். நாலாம் தரம் வாசிக்கும்போது குசினியில் சோறு அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் அன்றைக்குச் சாப்பிட்டோம், அவர் குறை சொல்லவில்லை.

பின்னேரம் அடுத்த வளவுச் சரவணமுத்து அண்ணை வந்தார். அப்பா அவருக்கு விளையாட்டைப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். இது பனம்பழம் விழுகிற காலம், முற்றம் முழுக்கக் கொட்டை. இரண்டு கதிரைக் கால்களுக்கு நடுவில் கோல். தன் ஊன்றுபொல்லை இடது கையால் பிடித்து ஒரு பனங்கொட்டையை அடித்தார். அது நேரே போய் என் காய்ந்த மிளகாய்ச் சுளகைக் கவிழ்த்தது. பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்து ஒன்றரை வருஷமாகியும் அடி மட்டும் பலம்தான். நான் பேசினேன். கோலுக்குள் ஆள் நிற்காததுதான் பிழை, தன் பிள்ளை நின்றிருந்தால் மிளகாய் தப்பியிருக்கும் என்கிறார்.

சரவணமுத்து அண்ணை சும்மா போகிற ஆளில்லையே. "உம்மடை மாத்தளைக் கடைக்கு நெருப்பு வைச்ச ஆக்கள்ரை ரீம் வெல்லவேணும் எண்டோ காணும் நீர் குந்தியிருக்கிறீர்" என்று கேட்டார்.  எண்பத்துமூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. அப்பா கோபிக்கவில்லை. "ரீம் வெண்டாலென்ன தோத்தாலென்ன, கோலுக்குள்ளை நிக்கிறது என்ரை பெட்டை" என்றார். இந்தியா பத்துக் கோல் அடிக்கும், நாளைக்கு எங்களுக்கு உதவிக்கு வரப்போகிறவர்கள் அவர்கள்தான் என்றார் சரவணமுத்து அண்ணை. அதற்கு அப்பா, "உதவட்டும், ஆர் வேண்டாம் எண்டது. ஆனா என்ரை பிள்ளைக்கு அஞ்சுக்கு மேலை அடிக்கப்படாது" என்றார். ஊரில் முக்கால்வாசிப் பேர் இந்தியாப் பக்கம்தான். நீ எந்தப் பெயர் எழுதின சட்டை போட்டு விளையாடுகிறாய் என்று நாலு பேர் நாலு விதமாகக் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். கடை எரிந்த பிறகும் உன் பழைய பள்ளிக்கூட மிஸ் தேடிக் கடிதம் போட்டு, கொழும்பில் வேலையும் எடுத்துத் தந்து, விடுதியும் பார்த்துத் தந்தவர். சிங்கள மனிசி. அப்பா அதை மறக்கமாட்டார், நானும் மறக்கமாட்டேன்.

காரைநகர்ச் சம்பந்தக்காரர் திரும்பவும் ஆள் அனுப்பினார்கள். மாப்பிள்ளை லண்டனில் கணக்காளராம். நீ வருகிற பந்தை எல்லாம் திருப்பி அனுப்பிப் பழகி, கலியாணப் பேச்சுகளையும் காலால் தட்டிவிடுகிறாய். போட்டி முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். போட்டி முடிந்தால் வேறு என்ன சொல்வாய் என்று தெரியவில்லை.

இங்கே மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. நேவிக்காரரின் கப்பல் அடிக்கடி குறிகட்டுவான் துறைப் பக்கம் வந்து போகிறது, சத்தம் கேட்டால் ஆடு மாடும் பயப்படுகின்றன. பஸ் ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் இல்லை. ஆனாலும் போன வெள்ளிக்கிழமை நாரந்தனையிலிருந்து உன் சின்னாச்சி மாமி வந்தார். இருவருமாக லோஞ்சில் கடல் தாண்டி நயினாதீவு அம்மாளிடம் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். திருநீறு எப்போதும்போல் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். விளையாடப் போகமுன் பூசு. அந்த முகமூடியைப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு குறைவு. பரியாரியார் வந்து பார்த்து, வெக்கைதான் என்றார். உனக்கு ஒளிக்கவில்லை, எழுதுகிறேன். ஆனால் பயப்படாதே. பங்குனியில் அவர் மயங்கி விழுந்தபோது நான் பதறிப்போய்த் தந்தி அடித்து, நீ அணிக்கு ஆள் தெரிவுசெய்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்தாய். வந்து இறங்கியபோது இவர் கதிரையில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்த முறை அணி உன்னை விட்டுவிட்டு வெளிநாடு போனது. நீ கிணற்றடியில் நின்று நெடுநேரம் முகம் கழுவினாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை, பிள்ளை. இந்த முறை உன் ஆட்டத்துக்குக் குறுக்கே அம்மா வரமாட்டேன்.

இனி அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். என் எழுத்துக் கோழி கிளறினது போல இருக்கிறதாம், அதையும் எழுதச் சொல்கிறார். "காவல்காரி, முதல் கோல் போனா திரும்பிப் பாக்காதை. வலைக்குள்ளை கிடக்கிற பந்து உன்ரை இல்லை. வெறும் வயித்தோடை போகாதை. கால்கட்டிலை வார் ஒண்டு அறுந்து கிடக்கெண்டு எழுதினாய், அதைத் தைச்சாச்சோ. ஒவ்வொரு மட்சுக்கு முதலும் கொம்மா கடிதம் போடுவா, பாத்துக்கொண்டிரு. வேறை என்ன. கொம்மா எழுதிக் களைச்சுப்போனா, அவவுக்கு உன்னைப்போலை பலம் இல்லை" என்கிறார்.

பலம் இல்லாத அம்மா இத்துடன் நிறுத்துகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளி செவ்வாய் தலையில் தண்ணீர் வார், இருட்டமுன் விடுதிக்குள் வந்துவிடு.

அம்மாளை நம்பியிருக்கும்,
அம்மா.


இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
17.09.1986, புதன்கிழமை.

அன்புள்ள மகள் மீனலோசனிக்கு,

அம்மாளின் கிருபையால் நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீயும் அவ்விதமே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இன்றைக்கு முதல் ஆட்டம். அதில் நீ நிற்கவில்லை என்றாலும் மனம் அங்கேதான். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கையில் கிடைத்துவிடவேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். அடுத்த வீட்டு இரஞ்சிதம் பதினொரு மணிக்கு முன் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி நிற்கிறாள்.

அப்பா நல்ல சுகம். சாப்பாடும் நித்திரையும் சரி. இப்போதும் நித்திரைதான். எழுப்பவில்லை.

வீட்டில் கொஞ்சம் ஆட்கள் நிற்கிறார்கள். மழைக்கு முன் வேலி அடைக்கவேண்டும் அல்லவா. சின்னாச்சி மாமி நாரந்தனையிலிருந்து சும்மா பார்க்க வந்து நிற்கிறார். பெரியப்பாவின் மகன் தில்லைநாதனும் வந்திருக்கிறான். அவன் தலையை மொட்டை அடித்திருக்கிறான், ஏதோ நேர்த்தியாம். எனக்குக் கையில் கொஞ்சம் சுடுதண்ணீர் பட்டுவிட்டது. அதனால் இரண்டு நாளாக எங்கள் அடுப்பு மூட்டவில்லை, இரஞ்சிதம் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வருகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். பெரிய காயம் இல்லை.

றேடியோவுக்குப் பற்றரி முடிந்துவிட்டது. ஆட்டத்தின் செய்தியைச் சரவணமுத்து அண்ணை வந்து சொல்வார். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

அப்பா நேற்றுச் சொன்னதை எழுதுகிறேன். "மகளே, நீ நன்றாக விளையாட வேண்டும். வீட்டைப் பற்றி நினைக்க வேண்டாம். என்னைப் பார்க்க வர வேண்டாம். போட்டி முடியும் வரை அங்கேயே நிற்க வேண்டும். எங்கள் பெயரைக் காப்பாற்ற வேண்டும்." இவ்வளவும்தான் சொன்னார்.

இந்தமுறை கடிதத்தோடு திருநீறு வைக்க முடியவில்லை. லோஞ்ச் ஓடவில்லை. அதனால் ஒன்றும் இல்லை, மனதில் நினைத்துக்கொண்டு போ.

ஞாயிற்றுக்கிழமை கவனமாக விளையாடு. பந்து முகத்தில் படாமல் பார். இதற்குப் பதில் உடனே வேண்டாம், ஆட்டம் முடிந்த பிறகு ஆறுதலாக எழுது.

உன் அன்புள்ள
அப்பா, அம்மா.


இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
25.09.1986, வியாழக்கிழமை.

மீனா,

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு நீ எழுதிய கடிதம் இன்று காலை வந்தது. நீ கேட்டதற்கு ஓம். அப்பா இல்லை. பதினைந்தாம் திகதி, திங்கட்கிழமை, விடிந்து முதல் பஸ் போன பிறகு போய்விட்டார். போன புதன்கிழமை நான் உனக்கு எழுதியபோது அவரை எடுத்து ஒரு நாளாகிவிட்டது.

இவ்வளவும் எழுதிவிட்டு எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். இனி முழுவதையும் ஒரே இருப்பில் எழுதவேண்டும். நடுவில் விட்டால் பிறகு எழுதமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

நீ திருநீற்றைத் தேடினாயாம். மூன்று வருஷத்தில் ஒரு கடிதமும் திருநீறு இல்லாமல் வந்ததில்லை, லோஞ்ச் ஓடாவிட்டால் சாமி அறையில் இருக்கிற பழைய மடிப்பிலிருந்து அம்மா ஒரு நுள்ளு எடுத்து வைத்திருப்பா, துடக்கு வீடு என்றால்தான் வைக்கமாட்டா என்று எழுதியிருக்கிறாய். சரிதான். அன்றைக்குச் சாமி அறை பூட்டிக் கிடந்தது. திறப்பு என் கையில்தான் இருந்தது. ஆனால் செத்த வீட்டுத் துடக்கோடு அம்மாளின் திருநீற்றைத் தொட மனம் வரவில்லை. தாள் நிறையப் பொய் எழுதின கை அதற்கு மட்டும் கூசியது. அப்பா உன்னை ஒரு நாளும் மகளே என்று கூப்பிட்டதில்லை, காவல்காரி என்றுதான் சொல்வார் என்றும் கேட்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தில் அவர் சொன்னதாக இருக்கிற ஒரு சொல்லும் அவருடையது இல்லை. எல்லாம் நான் எழுதினது. அவரைப்போல எழுதப் பார்த்தேன், வரவில்லை. என் கையில் சுடுதண்ணீரும் படவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எடுத்தார்கள். தில்லைநாதன்தான் கொள்ளி வைத்தான். வாய்க்கரிசி போடும்போது ஐயர், மகள் எங்கே என்று கேட்டார்.  சின்னாச்சி மாமி உன் பங்கையும் தானே போட்டார். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய் மூலையில் இருந்தார். நாங்கள் பெண்கள் படலையோடு நின்றுவிட்டோம், பறைச் சத்தம் வளைவுக்கு அங்காலே போகுமட்டும் நின்றோம். றேடியோ மரண அறிவித்தலுக்குத் தில்லைநாதன் எழுதி வைத்த தாளை நான் வாங்கிக் கிழித்தேன். விடுதியில் பின்னேரத்தில் றேடியோ போடுகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அதனால் மாத்தளையில் அப்பாவோடு கடை வைத்திருந்தவர்கள் ஒருவருக்கும் தெரியாது. எண்பத்துமூன்றில் எங்களை மா மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு நாள் ஒளித்து வைத்த பேக்கரிக்காரருக்கும் தெரியாது. அவருக்கு நீதான் எழுதவேண்டும், எனக்குச் சிங்களம் எழுத வராது.

ஏன் பிள்ளைக்கு அறிவிக்கவில்லை என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "மட்ச் முடியுமட்டும் அவளுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அவர்தான் சொன்னவர்" என்றேன். அதைக் கேட்டுச் சனம் அழுதது. இப்படியும் ஒரு தகப்பனோ என்று வியந்தார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்து கேட்டேன்.

உன் ஆட்டத்தைப் பற்றி நீ எழுதியதைப் பல தரம் வாசித்தேன். என் கடிதம் கிடைத்த சனிக்கிழமையே உனக்குத் தெரிந்துவிட்டது. மிஸ்ஸிடம் கடிதத்தைக் காட்டினாய், அவர் இரவு றெயிலுக்குத் தானே கொண்டுபோய் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். நீதான், அம்மா விளையாடச் சொல்லி எழுதியிருக்கிறா, விளையாடிவிட்டுக் கேட்கிறேன் என்று நின்றாய். முதல் ஆட்டத்தில் ஒன்பது, இரண்டாவதில் ஏழு, உன்னிடம் நாலு. நாலாவது கோல் போனபோது மட்டும் திரும்பி வலையைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை சரவணமுத்து அண்ணை யாழ்ப்பாணம் போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். கடைசிப் பக்கத்தில் நாலே வரி. இந்தியா வென்றது, இலங்கை அணியின் கோல் காப்பாளர் பல கோல்களைத் தடுத்தார் என்று உன் பெயரையும் போட்டிருந்தார்கள். அப்பாவின் வெறும் கதிரைக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்தார். "நாலுதான் தியாகர், அஞ்சு இல்லை" என்று அப்பாவுக்குச் சொன்னார். இந்தியா பத்து அடிக்கவேண்டும் என்று நின்ற மனிசன், அப்படியே முற்றத்து மண்ணில் குந்தி அழுதார். நான் அழவில்லை. எனக்கு அழ உரிமை இல்லை என்று இருந்தது. ஏனென்று இனித்தான் எழுதப்போகிறேன்.

மீனா, போட்டிக்காகத்தான் உனக்கு ஒளித்தேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு, எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். உன் கடிதத்தில் நீ, சொல் அம்மாவுடையது என்றாலும் அப்பா என்னை விளையாடச் சொல்லிவிட்டுத்தானே போனவர், அது போதும் எனக்கு என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்த பிறகு என்னால் ஏலாது.

அப்பா உன்னை விளையாடச் சொல்லவில்லை. உன்னைக் கூப்பிடச் சொன்னார்.

பதின்மூன்றாம் திகதி, சனிக்கிழமை காலை. தேத்தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு என் கையைப் பிடித்தார். "தந்தி அடி. பிள்ளையை ஒருக்கா வரச்சொல்லு" என்றார். அடுத்த கிழமை ஞாயிறு அவளின் மட்ச் என்றேன். "தெரியும், வரச்சொல்லு" என்றார். பங்குனியில் நடந்ததை ஞாபகப்படுத்தினேன், இன்னும் எட்டு நாள்தானே பொறுங்கோ என்றேன். அவர் வாதாடவில்லை. திரும்பவும் அதையே சொன்னார். அவருக்கு உன் ஆட்டம் பெரிதில்லை என்று நினைக்காதே. நாட்களை எண்ணி எண்ணித்தான் இருந்தார். ஆனால் தன் உடம்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. முகம் தெளிவாக இருந்தது, பேச்சும் தெளிவு. இதுவும் பங்குனியில் வந்ததுபோலத்தான், நாளைக்கு எழும்பி இருந்து கஞ்சி கேட்பார் என்று நினைத்தேன்.

தபாற்கந்தோருக்குப் போனேன். தபாலதிபர் கனகசபை மாஸ்ரர் தந்திப் படிவம் தந்தார், அவரே ஆங்கிலத்தில் நிரப்பியும் தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தேன். நீ கிணற்றடியில் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. திங்கட்கிழமை பார்த்து அடிப்போம் மாஸ்ரர் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்தேன். படலை திறந்த சத்தத்துக்கே, "அடிச்சாச்சோ" என்று கேட்டார்.

ஓம் என்றேன். அடிச்சாச்சு, பிள்ளை வெளிக்கிட்டிடுவாள் என்றேன்.

அந்த மனிசனின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். பகல் சோறு முழுவதும் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சரவணமுத்து அண்ணையைக் கூப்பிட்டுச் சவரம் செய்வித்தார், பிள்ளை வந்து பார்க்கும்போது தாடியோடு கிடக்கக்கூடாது என்று. கதிரையைப் படலை தெரிகிற பக்கம் திருப்பிவைக்கச் சொன்னார். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தலையைத் தூக்கினார். றெயில் பிந்தியிருக்கும், வவுனியாவில் இறக்கிச் சோதிக்கிறார்களாம் என்று நான் ஒவ்வொரு தரமும் ஒரு காரணம் சொன்னேன். எனக்கு அவ்வளவு பொய் வரும் என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது. திங்கட்கிழமை விடிய மூச்சு வாங்கத் தொடங்கியது. முதல் பஸ் வந்த சத்தம் கேட்டது. "இதிலை வருவாள்" என்றார். பஸ் நிற்காமல் போனது. அடுத்ததில் வருவாள் என்றேன். ஓம் என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

திங்கட்கிழமையே தந்தி அடித்திருந்தாலும் செவ்வாய் மத்தியானம் நீ வந்திருப்பாய். முகத்தையாவது பார்த்திருப்பாய். அன்றைக்கும் நான் அடிக்கவில்லை. நீ வந்தால், எப்போது வருத்தம் கடுமையானது, ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். போட்டியைச் சாட்டி அந்தப் பயத்தை மூடினேன். மகளுக்கு நல்லது செய்கிறேன் என்று தொடங்கி, அவரையும் ஏமாற்றி, உன்னையும் ஏமாற்றி, கடைசியில் செத்த மனிசனின் வாயில் நான் நினைத்ததை வைத்து ஊருக்கும் சொல்லிவிட்டேன். நாளைக்குச் சின்னாச்சி மாமியிடம் இதைச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர் இந்தப் படலை திறக்காவிட்டாலும் நியாயம்தான்.

மன்னிப்பு என்று எழுதி அனுப்பிவிடாதே. தபாலில் வருகிற மன்னிப்பை நான் நம்பமாட்டேன். கோபம் என்றால் கோபத்தை எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் விடு. ஆனால் சாப்பிடாமல் மட்டும் கிடக்காதே. மிஸ்ஸுக்கு என் வணக்கத்தைச் சொல். தாயாக நான் செய்யாததை அவர் செய்ய நின்றிருக்கிறார்.

ஒக்ரோபர் பன்னிரண்டாம் திகதி அணி இந்தியாவுக்குப் போகிறது, உன்னையும் எடுத்திருக்கிறார்கள், அப்பா இருந்தால் என்ன சொல்லுவார் என்று கேட்டிருக்கிறாய். பதினைந்தாம் திகதி கீரிமலையில் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. இரண்டு திகதியையும் எழுதிவிட்டேன். போ என்றும் எழுதமாட்டேன், வா என்றும் எழுதமாட்டேன். இந்த ஒருமுறை உனக்காக நான் முடிவெடுத்தது போதும். அப்பா சொன்னதை மேலே உள்ளபடி எழுதியிருக்கிறேன். இனி அவர் பெயரில் ஒரு சொல்லும் கூட்டமாட்டேன்.

எந்த மாதம், எந்தத் திகதியில் வந்தாலும் முதல் பஸ்ஸில் வா, பிள்ளை. நீ வெளிக்கிட்டுவிட்டாய் என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா,
தி. இராசேஸ்வரி.